லோப்புரி: திருமாலின் உடல், புத்தரின் தலை

பாங்காக் போகும்போது ஒரு நாள் மிச்சம் இருக்கிறது, லோப்புரிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். குரங்குகளைத் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது, அனுமனுக்கு ராமன் கொடுத்த ஊர் என்கிறார்களே அது என்ன கதை என்றும் கேட்டிருந்தீர்கள். பாங்காக்கில் வேலை பார்த்த காலத்தில் நான்கைந்து தடவை போய் வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் மூன்று கோபுரங்களைத்தான் தேடி ஓடுவார்கள். நீங்கள் அதற்கு முன்னால் ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், வண்டிகள் சுற்றிப் போகும் திட்டில் இருக்கும் சான் பிரா கான் கோயிலுக்குப் போங்கள். 'கான்' என்பது நம் காலன்தான். பின்னால் செம்புரைக்கல் மேடு ஒன்று இருக்கிறது. அது பழைய க்மெர், அதாவது கம்போடியர் கட்டடம் ஒன்றின் அடித்தளம். முன்னால் இருக்கும் கோயில் இருபதாம் நூற்றாண்டில் கட்டியது, பார்வைக்குச் சாதாரணம். உள்ளே நிற்கும் சிலையைத்தான் பார்க்க வேண்டும். பக்தர்கள் ஒட்டிய தங்க ரேக்கு அப்பிக் கிடக்கிறது, அதனால் சட்டென்று புலப்படாது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் உடல் ஒரு தினுசாகவும் முகம் வேறு தினுசாகவும் இருப்பது தெரியும். உடல் நான்கு கைகளுடன் நிற்கும் திருமால். பழைய தலை எப்போதோ போய்விட்டது. அயோத்தியா (ராமனின் ஊர் அல்ல, சயாமின் பழைய தலைநகர்) காலத்து மணற்கல் புத்தர் தலை ஒன்றைப் பிற்காலத்தில் எடுத்து வைத்துவிட்டார்கள்.

நம் ஊரில் பின்னமான சிலையை வைத்துக் கும்பிட மாட்டார்கள், ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவார்கள். இங்கே வேறு தலை வைத்து, 'சாவ் போ பிரா கான்' என்று பெயரும் வைத்துப் படையல் போடுகிறார்கள். லோப்புரியை ஒரே பொருளில் காட்டச் சொன்னால் நான் இந்தச் சிலையைத்தான் காட்டுவேன். மோன், க்மெர், சயாம் என்று ஆட்சி மாறிக்கொண்டே இருந்த ஊர் இது. வந்தவர்கள் முன்னால் இருந்ததைப் பெரும்பாலும் இடிக்கவில்லை, அதன் மேல் தங்கள் பங்குக்கு ஒட்டுப் போட்டார்கள். கட்டடங்களிலும் அப்படித்தான், கதைகளிலும் அப்படித்தான்.

இந்த மேட்டருகே கிடைத்த இரண்டு கல்வெட்டுகளே அதற்குச் சாட்சி. ஒன்று எண்கோணத் தூணில் பழைய மோன் மொழியில் இருக்கிறது, மோன் மக்களின் துவாராவதி அரசு இருந்த காலத்தது. அன்று ஊரின் பெயர் லாவோ. இன்னொன்று க்மெர் தலைநகர் அங்கோரில் இருந்த அரசன் முதலாம் சூரியவர்மனின் ஆணை, 1022-ஐ ஒட்டியது, க்மெர் மொழி. கோயில்களிலும் மடங்களிலும் இருக்கும் மகாயான பிக்குகள், தேரவாத பிக்குகள், யோகிகள் எல்லாரும் தங்கள் தவத்தின் பலனை அரசனுக்கு அளிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் தவத்தை யாராவது கெடுத்தால் தண்டனை உண்டு. தானியத்துக்கும் சரக்குக்கும் வரி போட்ட அரசர்களைப் படித்திருக்கிறோம். இவர் தவத்துக்கே வரி போட்டிருக்கிறார்! அது ஒருபுறம் இருக்கட்டும், மூன்று வகைத் துறவிகள் ஒரே ஊரில் இருந்தார்கள் என்பது ஓர் அரசாணையில் போகிற போக்கில் வருகிறது பாருங்கள், அதுதான் எனக்குப் பெரிய செய்தி.

சரி, இனி மூன்று கோபுரங்களுக்கு வருவோம். பிரா பிராங் சாம் யோட் என்றால் மூன்று சிகரம் கொண்ட பிராங். பிராங் என்பது சோளக் கதிரைக் குத்த வைத்தது போல இருக்கும் கோபுரம். செம்புரைக்கல்லும் மணற்கல்லும் வைத்துக் கட்டி, மேலே சுதை வேலை செய்திருக்கிறார்கள். அங்கோரில் ஏழாம் ஜயவர்மன் காலத்துப் பாணி, பதின்மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது. மூன்று கோபுரம் என்றதும் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று யாராவது சொல்வார்கள். நம் ஆட்களுக்குக் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் கட்டியது மும்மூர்த்திகளுக்காக அல்ல. ஜயவர்மன் மகாயான பௌத்தர். நடுக் கோபுரம் நாகத்தின் மேல் அமர்ந்த புத்தருக்கு, தெற்குக் கோபுரம் கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரருக்கு, வடக்குக் கோபுரம் ஞானத்தின் தேவியான பிரக்ஞாபாரமிதைக்கு. வாசல் தூண்களின் அடியில் குனிந்து பாருங்கள். சம்மணமிட்டு, கை கூப்பி, தாடியோடு ஒரு குட்டி முனிவர் உட்கார்ந்திருப்பார். மேலே சுதை கொட்டிப்போய்க் கல் தெரிகிறது, இவர் மட்டும் அப்படியே இருக்கிறார்.

கிழக்குப் பக்கம் செங்கல்லால் ஒரு விகாரை ஒட்டி நிற்கும். பாணி வேறு, பொருள் வேறு, காலம் வேறு. அது சயாம் மன்னர் நாராய் பதினேழாம் நூற்றாண்டில் சேர்த்தது. அழகுக்காகச் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன், வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இறக்கியது போலத்தான் இருக்கிறது. ஆனால் நானூறு ஆண்டுப் பழைய க்மெர் கட்டடத்தைத் தன் காலத்து மக்கள் கும்பிடும் இடமாக்கியிருக்கிறார்.

இன்னும் பழைய க்மெர் கட்டடம் வேண்டுமானால், கொஞ்ச தூரத்தில் மூன்று தெருக்கள் கூடும் இடத்தில் பிராங் கேக் இருக்கிறது. தின்னும் கேக் இல்லை. தாய் மொழியில் 'கேக்' என்றால் விருந்தாளி. இந்தியர், மலாய்க்காரர், மேற்கே இருந்து வந்த முஸ்லிம் என எல்லாரையும் அந்த ஒரே சொல்லால்தான் குறிப்பார்கள். பாங்காக்கில் டாக்சிக்காரர் உங்களைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார். இந்துக் கோயில் என்பதால் 'கேக்' கோபுரம். ஏறக்குறைய பத்தாம் நூற்றாண்டு, செங்கல்லில் தனித்தனியாக மூன்று சிறு கோபுரங்கள். சாம் யோட்டில் இருப்பது போல இணைக்கும் நடை இதில் இல்லை. நாராய் இதையும் விடவில்லை. பழுது பார்த்து, முன்னால் ஒரு விகாரையும் பக்கத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டியும் கட்டினார்.

இப்போது கதைகள். நீங்கள் முக்கியமாகக் கேட்டது இதைத்தானே.

தாய்லாந்தின் ராமாயணமான ராமகியன், முதலாம் ராமா மன்னர் காலத்தில் 1797-இல் முழு வடிவம் பெற்றது. அதில் வரும் அனுமன் நம் அனுமன் அல்ல. நமக்கு அவர் பிரம்மச்சாரி. அங்கே கடல்கன்னி உட்பட மனைவிமார் பலர், குறும்பும் கொஞ்சம் அதிகம். போர் முடிந்ததும் ராமன் அவனுக்கு அயோத்தியில் பாதியையே கொடுக்கிறான். அனுமன் சிம்மாசனத்தில் உட்கார்ந்ததும் உடம்பெல்லாம் காந்துகிறது. ராமன் இருக்க வேண்டிய இடத்தில் தான் உட்காரக்கூடாது என்று புரிந்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறான். அப்படியானால் உனக்குத் தனியாக ஓர் ஊர் தருகிறேன் என்று ராமன் அம்பு விடுகிறான். அது ஒன்பது சிகரம் கொண்ட மலையில் விழுந்து மலையைத் தூளாக்குகிறது. பின்னாலேயே போன அனுமன் தன் வாலால் மண்ணைக் கூட்டி மதில் சுவராகக் குவிக்கிறான். விசுவகர்மா வந்து நகரம் அமைக்கிறார். ஊரின் பெயர் நவபுரி, தாய் உச்சரிப்பில் நோப்புரி. அதுதான் லோப்புரி என்பார்கள். ராமனின் மகன் லவனின் பெயரால் லவபுரி என்பது இன்னொரு விளக்கம். எது சரி என்று ஊர்க்காரர்கள் சண்டை போட்டு நான் பார்க்கவில்லை, இரண்டையும் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கதை அதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். லோப்புரிக்காரர்கள் அதைத் தங்கள் மண்ணில் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே தலே சுப்சோன் பகுதியில் மண் வெள்ளையாக இருக்கும், சுண்ணாம்புச் சத்து மிகுந்த மண். அம்பு விழுந்த சூட்டில் வெந்து வெளுத்துவிட்டது என்பது கதை. அந்த மண்ணைக் கரைத்து, வடிகட்டி, சிறு சிறு வில்லையாகச் சொட்டவிட்டு வெயிலில் காய வைப்பார்கள். அதன் பெயர் தின் சோ போங். சோங்க்ரான் பண்டிகையில், நம் சித்திரை முதல் நாளை ஒட்டி வருமே, முகத்தில் வெள்ளையாகப் பூசிக்கொண்டு தண்ணீர் அடிப்பார்கள் இல்லையா, பழைய நாளிலிருந்து அதற்குப் பூசுவது இந்த வெள்ளை மண்தான். வில்லையில் எலுமிச்சை பிழிந்தால் பொங்கி நுரைக்கும். 'போங்' என்றால் உப்புதல்.

அந்த நுரை பொங்குவதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த கதையைக் கேளுங்கள். லோப்புரி மாகாணத்தில் காவ் வோங் பிரா சான் என்ற மலை இருக்கிறது. உச்சிக்கு 3,790 படிகள். அந்த மலையில் தாவ் கோக் கனாக் என்ற அரக்கனை ராமன் அம்பால் நெஞ்சில் குத்தி வைத்திருக்கிறான். வில்லுக்கேற்ற அம்புகூட இல்லை, கோரைத் தண்டால் செய்த அம்பு. அரக்கன் சாகவில்லை, படுத்துக் கிடக்கிறான். அவன் மகள் நாங் பிரா சான் பக்கத்திலேயே இருந்து தாமரை நூலால் ஒரு காவி ஆடை நெய்துகொண்டிருக்கிறாள். அதை வரப்போகும் மைத்ரேய புத்தருக்குக் கொடுத்தால் அப்பாவுக்கு விடுதலை. ஆனால் குறுக்கு வழி ஒன்றும் உண்டு. அம்பு குத்திய இடத்தில் காடியை ஊற்றினால், அதாவது வினிகரை ஊற்றினால், அம்பு கழன்றுவிடும். அதனால் மகள் சாதாரணப் பெண் போல வேடம் போட்டு, காடி வாங்க லோப்புரிச் சந்தைக்கு இறங்கி வருவாளாம். அரக்கன் எழுந்தால் முதலில் தின்பது ஊர்க்காரர்களைத்தான். அதனால் லோப்புரிக் கடைகளில் முற்காலத்தில் வினிகர் விற்க மாட்டார்கள், கேட்டால் இல்லை என்பார்கள்.

புளிப்பு பட்டால் பொங்கிக் கரையும் மண் இருக்கும் ஊரில், புளிப்பு ஊற்றினால் அம்பு கழலும் என்று ஒரு கதை. இரண்டையும் இணைத்து யாரும் எனக்குச் சொல்லவில்லை, இது என் ஊகம்தான். ஆனால் தின் சோ போங் செய்யும் இடத்தில் நின்றுகொண்டு அந்த நுரையைப் பார்த்தபோது, இந்தக் கதையை முதலில் சொன்னவர் அந்த நுரையைப் பார்த்திருப்பார் என்றே தோன்றியது.

கதைக்கு ஒரு வாலும் உண்டு. அம்பு அவ்வப்போது தானாகவே தளரும். அப்போது சேவல் கூவும். அதைக் கேட்டு அனுமன் வந்து சம்மட்டியால் அம்பை மறுபடி அடித்து இறக்குவான். அடியில் தெறிக்கும் பொறி லோப்புரியில் விழுந்து ஊர் தீப்பிடிக்கும். மர வீடுகளும் ஓலைக் கூரைகளும் நெருங்கிக் கிடந்த பழைய ஊரில், கோடையில் ஏன் அடிக்கடி தீ என்ற கேள்விக்கு இது பதில். நல்லது செய்ய வந்த அனுமனே ஊரைக் கொளுத்திவிட்டுப் போவதில் இலங்கையின் வாசம் அடிக்கிறது இல்லையா?

தலே சுப்சோன் என்ற பெயருக்கே அம்பு நனைத்த ஏரி என்று பொருள். ராமன் தன் அம்புகளை இதில் தோய்த்து வலுவேற்றினான் என்பார்கள். அதனால் அந்த நீர் புனிதம், அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கும் சடங்கில் பயன்பட்டது. இந்த நீரைச் சுற்றி இன்னொரு கதை உண்டு. எனக்குப் பிடித்தது இதுதான்.

லாவோ அங்கோருக்கு அடங்கி இருந்த காலம். கப்பமாகத் தங்கம் கேட்கவில்லை, இந்த ஏரித் தண்ணீரைக் கேட்டார்கள். மண் குடங்களில் ஊற்றி மாட்டு வண்டியில் அங்கோர் வரை கொண்டுபோக வேண்டும். பாதிக் குடம் வழியிலேயே உடையும், மக்களுக்குப் பெரிய இம்சை. கப்ப நீர் அனுப்பும் பொறுப்பில் இருந்தவரின் மகன் பிரா ருவாங். அவனுக்கு வாக்குப் பலிக்கும், சொன்னால் சொன்னதுதான். அவன் மூங்கிலால் கூடை முடையச் சொல்லி, தண்ணீர் ஒழுகாதே என்கிறான், ஒழுகவில்லை. இதை அறிவுக்குப் பொருந்தச் சொல்கிறவர்கள், கூடைக்கு மர எண்ணெயும் குங்கிலியமும் பூசினான் என்பார்கள். நம் ஊரில் ஓட்டைப் படகுக்குக் கீல் பூசுவதுபோல. தண்ணீர்க் கூடை அங்கோர் போய்ச் சேர்ந்ததும், இவ்வளவு சாமர்த்தியசாலியை விட்டுவைக்கக் கூடாது என்று க்மெர் அரசன் ஒருவனை அனுப்புகிறான். அவன் தரைக்குள் மூழ்கி நீந்திப் போகிறவன். பிரா ருவாங் வடக்கே இருக்கும் சுகோதாய் நகருக்குத் தப்பிப் போய்ப் பிக்குவாகிவிட்டான். தரையைப் பிளந்து மேலே வந்தவன், விகாரை வாசலைப் பெருக்கிக்கொண்டிருக்கும் பிக்குவிடமே பிரா ருவாங் எங்கே என்று கேட்கிறான். இங்கேயே இரு, கூட்டி வருகிறேன் என்கிறான் பிக்கு. வாக்குப் பலிக்கிறவன் 'இரு' என்று சொல்லிவிட்டான். வந்தவன் பாதி உடம்பு தரைக்குள் இருக்கும்போதே கல்லாகிவிட்டான். பிரா ருவாங் பிறகு சுகோதாயின் அரசனானான் என்று கதை முடியும். அங்கோரின் பிடி தளர்ந்து சுகோதாய் தலையெடுத்த வரலாற்றை, வாளும் சேனையும் இல்லாமல் ஒரு கூடையை வைத்தே சொல்லி முடித்துவிட்டார்கள்.

இதே ஏரிதான் நாராய் மன்னருக்கும் வேண்டியிருந்தது. 1656 முதல் 1688 வரை ஆண்டவர். தலைநகர் அயோத்தியாதான், ஆனால் ஆண்டில் பெரும்பகுதி லோப்புரியில் இருந்தார். பிறந்தபோது உறவினர் கண்ணுக்கு நான்கு கைகளோடு தெரிந்தார், அதனால் நாராயணன் என்று பெயர் வைத்தார்கள் என்று நாளாகமங்கள் சொல்கின்றன. 1660-களில் அரண்மனை வேலை தொடங்கியது. ஏரியிலிருந்து சுடுமண் குழாய் பதித்து அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், பிரெஞ்சு, இத்தாலியப் பொறியாளர்களை வைத்து. மண் குடமும் மூங்கில் கூடையும் கேட்ட அதே தண்ணீர்!

அரண்மனைக்கு ஒரு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஊருக்கு நடுவில் வெள்ளை மதில், உள்ளே பெரிய மரங்கள், ஆளரவம் குறைவு. மதிலின் உட்புறத்தில் கூர் வளைவாகச் சிறு மாடங்கள் வரிசை வரிசையாக இருக்கும், ஆயிரக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு வைப்பார்களாம். கார்த்திகைத் தீபத்துக்கு வீட்டு மாடத்தில் அகல் வைத்த கை சும்மா இருக்காது. தூதர்களை மன்னர் சந்தித்த துசித் சவான் மண்டபம் (துஷித சுவர்க்கம்தான்) இப்போது கூரை இல்லாமல் நிற்கிறது. முன்பாதியின் வாசலும் சன்னலும் ஐரோப்பியக் கூர் வளைவு, பின்பாதி தாய் பாணி. சுவரில் பிரான்சிலிருந்து வந்த கண்ணாடிகள் பதித்திருந்தார்கள். ஒரே கட்டடத்தில் மறுபடி ஒட்டு வேலைதான்.

அந்த ஒட்டைப் போட்டதில் பெரும்பங்கு ஒரு கிரேக்கருக்கு. கான்ஸ்டன்டைன் பால்கன், கெஃபலோனியா தீவில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, சயாமுக்கு வந்து, தாய் மொழி கற்று, மன்னரின் வலது கையானவர். அவர் வீடு பான் விச்சயென், அரண்மனையிலிருந்து நடக்கும் தூரம். மாளிகைச் சுவர்களும், ஒரு தேவாலயத்தின் மிச்சமும் இருக்கின்றன. தேவாலயத் தூண்களின் உச்சியில் புத்தர் கோயில்களில் வருவதுபோல் தாமரை இதழ்கள்! அவர் மனைவி மரியா கியோமார் ஜப்பானிய, போர்த்துக்கீசிய வம்சாவளி. தாய்லாந்து இனிப்புக் கடைகளில் முட்டை மஞ்சள் கருவைச் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக இழுத்துச் செய்யும் ஃபோய் தோங் அவர் கொடுத்தது என்று சொல்வார்கள். பால்கனை நினைக்கிறவர் குறைவு, அந்த இனிப்பைத் தின்னாதவர் குறைவு.

1685 டிசம்பர் 11 இரவு, ஏரிக்கரை மாளிகையிலிருந்து நாராய் மன்னர் பிரெஞ்சு இயேசு சபைத் துறவிகளோடு சேர்ந்து தொலைநோக்கியில் சந்திர கிரகணம் பார்த்தார். துறவிகளுக்கு அது தீர்க்கரேகைக் கணக்கு. ஊருக்கு அது ராகு நிலாவை விழுங்கும் நேரம், அங்கேயும் ராகு ராகுதான். அந்த மாளிகையின் இடிபாடு, பிரா தினாங் யென், இப்போதும் இருக்கிறது. அன்று தீவில் நின்றது, இன்று சுற்றிலும் தரை. ஏரி தூர்ந்துவிட்டது. துறவிகளுக்காகக் கட்டிய வானாய்வுக் கோபுரத்தின் உடைந்த துண்டு ஒன்று சான் பாவ்லோ என்ற இடத்தில் நிற்கிறது.

மூன்றே ஆண்டில் எல்லாம் தலைகீழ். 1688-இல் மன்னர் படுக்கையில் விழுந்ததும் யானைப்படைத் தலைவர் பெட்ராச்சா அதிகாரத்தைக் கைப்பற்றினார். ஜூன் 5 அன்று பால்கனின் தலையை வெட்டினார்கள், அந்த ஏரிப் பக்கத்தில்தான். அரண்மனைக்குள் இருந்த விசுவாசமான ஊழியர்களுக்கும் அதே கதிதான் என்று மன்னருக்குத் தெரிந்துவிட்டது. படுக்கையில் கிடந்தபடியே அவர் செய்ததாக நாளாகமம் சொல்வது இது: அரண்மனையையே புத்த சங்கத்துக்குத் தானம் செய்தார், பிக்குகளை வரவழைத்து, ஊழியர்களுக்கு அங்கேயே காவி உடுத்திவிட்டார். பிக்குவின் மேல் வாளை ஓங்க யாரும் துணியமாட்டார்கள். ஜூலை 11 அன்று சுத்தா சவான் மண்டபத்தில் இறந்தார். அடித்தளமும் சில சுவர்களும்தான் மிச்சம், ஒரு சிலை வைத்து மாலை போட்டிருப்பார்கள். அதன் பிறகு அரண்மனை பாழடைந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மொங்குட் மன்னர் (நான்காம் ராமா) வந்துதான் உயிர் கொடுத்தார். அவர் கட்டிய பகுதிதான் இன்று அருங்காட்சியகம். திங்கள், செவ்வாய் மூடியிருக்கும், பார்த்துப் போங்கள். பிப்ரவரியில் நாராய் திருவிழாவின்போது போனால் வங்கி ஊழியர் முதல் நூடுல்ஸ் கடைக்காரர் வரை பழங்கால உடையில் இருப்பார்கள்.

கடைசியாகக் குரங்கு. அவற்றைச் சாவ் போ பிரா கானின் பிள்ளைகள் என்று ஊர் நம்புகிறது, அனுமனின் படை என்பதும் கூடவே சேர்ந்துகொண்டது. 1989-இல் உள்ளூர் ஓட்டல்காரர் ஒருவர் நவம்பர் கடைசி ஞாயிறன்று குரங்குகளுக்குப் பழ விருந்து வைக்க ஆரம்பித்தார், உலகமே படம் எடுக்க வந்தது. பிறகு எண்ணிக்கை மிதமிஞ்சிப் போனது. பழைய ஊரில் கடைகள் காலியாகி, கம்பி வலைக்குள் மனிதர்களும் வெளியே குரங்குகளுமாக இருந்த தெருக்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு கடைக்காரர் வாசலில் புலி பொம்மையை உட்கார வைத்திருந்தார், குரங்கு ஒன்று அதன் தலையில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தது. 2024-இல் அதிகாரிகள் நிறையப் பிடித்துக் கூண்டுகளில் அடைத்தார்கள். நவம்பரில் அதிலிருந்து சுமார் 200 குரங்குகள் தப்பித்து ஒரு போலீஸ் நிலையத்தைச் சூழ்ந்துகொள்ள, போலீஸ்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இப்போது தெருவில் முன்பைவிடக் குறைவு, ஆனாலும் கண்ணாடி, தண்ணீர்ப் பாட்டில், காதில் தொங்கும் எதுவும் பத்திரம்.

பாங்காக்கிலிருந்து ரயிலில் போங்கள், சுமார் 130 கிலோமீட்டர். நிலையத்துக்கு எதிரிலேயே வாட் மகாதாத் இருக்கிறது, அதை முதலில் பார்த்துவிட்டு நடையாகவே மற்றதை முடிக்கலாம். திரும்பும்போது வெள்ளை மண் அப்பிய உப்பு முட்டை வாங்குங்கள், அதே தின் சோ போங்கில் உப்பைக் கலந்து பூசி ஊற வைத்தது, லோப்புரிக்கே உரியது. முட்டையை வாங்கிக்கொண்டு நேரே ரயிலடிக்குப் போங்கள். கோயிலில் இன்னொரு தடவை கும்பிட்டு வருகிறேன் என்று பையோடு திரும்பினால், ராமன் அம்பில் வெந்த மண்ணை அனுமன் படை உங்கள் கண் முன்னாலேயே உரித்துப் போட்டுவிடும்.